பண்டிகைக் காலப் புது வரவுகள்: முழு பாட்டிலா, மினியா, டீகன்டா?

புரட்டாசி பாதியிலேயே அழகு சாதனக் கடைகளில் அலமாரி மாறத் தொடங்கிவிடும். கோடையில் முன்வரிசையில் இருந்த இளம் ரோஜா நிற லிப்ஸ்டிக்குகள் ஓரத்துக்குப் போய், நாவல்பழ நிறமும் செங்கல் சிவப்பும் காபிப் பழுப்பும் முன்னுக்கு வரும். ஜெல் மாய்ஸ்சரைசர் இருந்த இடத்தில் கெட்டியான க்ரீம் ஜாடிகள் உட்காரும். பெர்ஃப்யூம் பக்கம் எலுமிச்சை, ஆரஞ்சு வாசனைகளுக்குப் பதிலாக வெனிலா, ஆம்பர், ஊது (அகில்) என்று கனமானவை வரும். தீபாவளி, அப்புறம் நவம்பர் மாத ஆன்லைன் தள்ளுபடி, அப்புறம் டிசம்பர் கிஃப்ட் பாக்ஸ் என்று மூன்று மாதம் இது ஓயாது.

இந்த நேரத்தில் புதுசாக எதையாவது முயன்று பார்க்க மூவாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வழி இருக்கிறது. கண்ணைக் கவர்ந்த ஒன்றை முழு அளவில் வாங்கிவிடலாம். ஐந்தாறு பொருள்களைச் சிறு அளவில் அடுக்கித் தரும் பண்டிகை கிஃப்ட் பாக்ஸ் வாங்கலாம். மினி எனும் சிறு அளவுப் பொருள்களையும், அசல் பாட்டிலில் இருந்து சிறு குப்பியில் மாற்றித் தரும் பெர்ஃப்யூம் டீகன்ட்களையும் நாமே பொறுக்கிச் சேர்க்கலாம். இல்லை, கடை டெஸ்டரில் பார்த்துவைத்துவிட்டுத் தள்ளுபடி வரும் வரை காத்திருக்கலாம்.

இதில் எது சரி என்பதை என் கணக்கில் முடிவு செய்வது பணம் இல்லை, நேரம். லிப்ஸ்டிக் தனக்குப் பொருந்துமா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பெர்ஃப்யூமுக்கு ஒரு முழு நாள் வேண்டும். முகத்தில் தடவும் க்ரீமுக்கும் சீரத்துக்கும் வாரக்கணக்கில் வேண்டும். அந்தந்தப் பொருளுக்குத் தேவையான நேரத்தை எந்த வழி கொடுக்கிறதோ, அதுதான் அதற்கு ஏற்ற வழி. ஒரே வழியை மூன்றுக்கும் பிடித்துக்கொண்டால்தான் அலமாரியில் பாதி தீர்ந்த ஜாடிகள் சேர்கின்றன.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். இந்தப் 'பருவம்' யாருடைய பருவம்? பெரிய நிறுவனங்களின் நாட்காட்டி ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் பார்த்து எழுதப்பட்டது. செப்டம்பர், அக்டோபரில் அங்கே இலை உதிர்ந்து காற்று காய்கிறது. அதனால் கெட்டி க்ரீமும் கனமான வாசனையும் வருகின்றன. டெல்லிப் பக்கத்துக் குளிரும் வறண்டதுதான், எனவே நம் நாட்டு நிறுவனங்களும் அதே போக்கில் 'விண்டர்' வரிசையை இறக்குகின்றன. சென்னைக்கும் கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் அப்போது வடகிழக்குப் பருவமழை. துணி காயாத அளவுக்குக் காற்றில் ஈரம் இருக்கும் நாளில் ஷியா பட்டர் என்ற கொட்டைக் கொழுப்பு நிறைந்த க்ரீமை முகத்தில் அப்பினால் பத்து நிமிடத்தில் நெற்றி மினுங்கும். அதே க்ரீம் ஊட்டியில், கொடைக்கானலில், மார்கழி தையில் கோயம்புத்தூரில் அருமையாக வேலை செய்யும். டொரண்டோவிலோ லண்டனிலோ இருக்கும் நம்மவர்களுக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தும். சென்னையிலேயே நாள் முழுக்க ஏசி அறையில் உட்காருபவருக்கும் தோல் வறளும். அவருக்கும் கழுத்து, கை, காலுக்கு இது உதவும். ஆகவே புது வரவைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது, அடுத்த இரண்டு மாதம் நான் எந்தக் காற்றில் இருக்கப் போகிறேன் என்பதுதான்.

லிப்ஸ்டிக், ஐ ஷேடோ, பிளஷ்

நிறம் சார்ந்தவற்றுக்குக் கடைக்கு நேரில் போவதை விடச் சிறந்த வழி இல்லை. ஆன்லைனில் காட்டும் ஷேடு, போனுக்குப் போன் மாறும். மாடலின் உதட்டில் பார்க்கும் நிறம் நம் உதட்டில் அப்படியே வராது, ஏனென்றால் நம்மில் பலருக்கு உதட்டிலேயே இயல்பாகக் கருஞ்சாயல் உண்டு. மேல் உதடும் கீழ் உதடும் வேறு நிறமாகவும் இருக்கும். வெளிர் பழுப்பு நிறங்கள் நம் முகத்தில் சாம்பல் பூத்தது போல நிற்பதற்குக் காரணம் இதுதான். பண்டிகை வரிசையில் வரும் அடர்த்தியான நிறங்கள் இந்த விஷயத்தில் நமக்குச் சாதகமானவை. நாவல்பழமும் செங்கல் சிவப்பும் மாநிறத்திலும் கறுப்பிலும் துலங்குகிற மாதிரி வெளுத்த தோலில் துலங்குவதில்லை என்பது என் உறுதியான கருத்து.

டெஸ்டரை நேராக உதட்டில் வைக்காதீர்கள். எத்தனை பேர் வைத்திருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. விரல் நுனியில் தடவிப் பாருங்கள். புறங்கையின் நிறத்தை விட விரல் நுனியின் நிறம் உதட்டுக்குப் பக்கத்தில் வரும். திரவ மேட் லிப்ஸ்டிக் காய்ந்ததும் ஒரு படி அடர்ந்துவிடும், அதனால் காயும் வரை பொறுக்க வேண்டும். அப்புறம் கடையை விட்டு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கடை விளக்கு எல்லோரையும் அழகாகக் காட்டவே போடப்பட்டது.

ஃபவுண்டேஷன் மட்டும் இந்த வகையில் சேராது. அது தோலின் எண்ணெயோடும் காற்றோடும் கலந்து அரை மணி நேரத்தில் கறுக்கக்கூடியது. தாடை ஓரத்தில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு, மாலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து பாருங்கள். கழுத்தோடு கலந்திருந்தால் வாங்கலாம். சந்தேகமாக இருந்தால் ஒரு சிறு டப்பாவில் கொஞ்சம் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். தருகிற கடைகள் உண்டு, கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இப்படிப் பார்த்துவிட்ட லிப்ஸ்டிக்கை முழு அளவில் வாங்குவதில் தவறே இல்லை. மூன்று நான்கு கிராம்தான் இருக்கும், விலையும் பெர்ஃப்யூம் அளவுக்குப் போகாது. மஸ்காரா மட்டும் விதிவிலக்கு. திறந்த மூன்று முதல் ஆறு மாதத்தில் அதைத் தூக்கிப் போட வேண்டும், கண்ணில் தொற்று வரும் பயம் உண்டு. விசேஷத்துக்கு மட்டும் மஸ்காரா போடுபவர் முழு டியூபைத் தீர்க்கவே மாட்டார். அவருக்கு மினிதான் சரியான அளவு.

க்ரீம், சீரம், சன்ஸ்கிரீன்

இங்கே கடை டெஸ்டரால் பயனே இல்லை. புறங்கையில் தடவியதும் வழுவழுப்பாக இருப்பது, நல்ல மணம் வருவது, இரண்டுமே முகம் அதை ஏற்குமா என்பதைச் சொல்லாது. ஒவ்வாமை உடனே தெரியும் என்றும் இல்லை; சில நாள் கழித்துச் சிவப்பாகவும் அரிப்பாகவும் வரலாம். முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில், காலையும் மாலையும் ஏழு முதல் பத்து நாள் தடவிப் பார்ப்பதுதான் தோல் மருத்துவர்கள் சொல்லும் முறை. இதற்கு 10 அல்லது 15 மில்லி மினி தாராளமாகப் போதும்.

ஆனால் மினியின் எல்லையையும் புரிந்துகொள்ள வேண்டும். மேல்தோல் ஒரு முறை புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும், வயது கூடக் கூட இன்னும் மெதுவாகும். ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை), வைட்டமின் சி போன்றவற்றின் பலனைப் பார்க்க எட்டு முதல் பன்னிரண்டு வாரம் விடாமல் போட வேண்டும். ஒரு மினி அதுவரை வராது. எனவே மினி சொல்வது 'இது எனக்கு ஒத்துக்கொள்கிறதா' என்பதை மட்டும்தான். 'இது வேலை செய்கிறதா' என்ற கேள்விக்கு முழு அளவுதான் பதில் சொல்லும். முதல் கேள்விக்கு இருநூறு முந்நூறு ரூபாயில் பதில் கிடைப்பது பெரிய லாபம் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அதில்தான் பலர் தோற்றுப்போகிறார்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் ரெட்டினாலை மினியாகக்கூட முயல வேண்டாம்.

வைட்டமின் சி சீரத்தில் சின்ன பாட்டில் வாங்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் அது கெட்டுப்போய், தெளிவாக இருந்தது தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். நம் வெயிலுக்கு இது சீக்கிரமே நடக்கும். மில்லிக்கு விலை கூடுதல் என்றாலும் சிறிய பாட்டிலைத் தீர்த்துவிட்டு அடுத்தது வாங்குவதே மேல்.

சன்ஸ்கிரீனுக்கு நேர்மாறு. அதைக் கணக்காகப் போட்டால் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் பூச வேண்டும். அப்படிப் போட்டால் காலை ஒன்று, மதியம் ஒன்று என்று 50 கிராம் டியூப் ஒரு மாதம்கூட வராது. டியூபில் இருக்கும் பாதுகாப்பு எண்ணான எஸ்பிஎஃப் 30 என்றால், தோலைச் சுடும் யுவிபி என்ற புற ஊதாக் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கிறது, 50 சுமார் 98 சதவீதம். இந்தச் சின்ன வித்தியாசத்தை விட, போட வேண்டிய அளவு போடுவதுதான் முக்கியம். அதனால் புது சன்ஸ்கிரீனை மினியில் சோதிக்கும்போது கஞ்சத்தனம் பார்க்காமல் முழு அளவு போட்டுப் பாருங்கள். கொஞ்சமாகப் போட்டால் எல்லா சன்ஸ்கிரீனும் நன்றாகத்தான் இருக்கும். முழு அளவில்தான் முகம் வெளுத்துத் தெரிகிறதா, வியர்வையோடு வழிந்து கண் எரிகிறதா, மேலே பவுடர் போட்டால் திரிகிறதா என்பதெல்லாம் வெளியே வரும். நண்பகலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று பார்த்த பின் சொல்லும் தீர்ப்புதான் செல்லும்.

பண்டிகைப் பதிப்பாக வரும் க்ரீம்களில் பெரும்பாலும் உள்ளே பழைய கலவைதான், மேலே புது டப்பா, கூடவே ஒரு புது மணம். வழக்கமான க்ரீமின் சேர்மானப் பட்டியலையும் புதியதின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எளிதில் சிவக்கும் தோல் உள்ளவர்களுக்கு அந்தப் புது மணமே தொல்லை. அப்படிப்பட்டவர்கள் இந்த வரிசையில் க்ரீமை விட்டுவிட்டு லிப்ஸ்டிக்கோடு நின்றுகொள்வது நல்லது.

இன்னொன்று, தீபாவளிக்கோ கல்யாணத்துக்கோ ஒரு வாரம் இருக்கும்போது முகத்தில் எந்தப் புதுசும் போடாதீர்கள். எவ்வளவு நல்ல க்ரீமாக இருந்தாலும் சரி. ஒரே நேரத்தில் இரண்டு புதுசும் வேண்டாம். பரு வந்தால் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

பெர்ஃப்யூம்

முழு பாட்டிலை அவசரமாக வாங்கிப் பணத்தை இழக்கச் சுலபமான இடம் இதுதான். கடையில் காகிதத் துண்டில் அடித்துக் கொடுப்பது அந்த வாசனையின் முதல் பதினைந்து நிமிடம். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல், மிளகு மாதிரியான இலேசான மூலக்கூறுகள் முதலில் பறந்துவிடும். பூக்கள் அடுத்த ஒன்றிரண்டு மணி நேரம் நிற்கும். சந்தனம், கஸ்தூரி, வெனிலா, பிசின் வகைகள் கனமானவை. மூன்று நான்கு மணி நேரம் கழித்துத் தோலில் தங்கியிருப்பது இவைதான். அதாவது நாம் காசு கொடுப்பது முதல் பதினைந்து நிமிடத்தை முகர்ந்துபார்த்து, கூட வாழ்வது கடைசி ஐந்து மணி நேரத்தோடு. நம் ஊர்ச் சூட்டில் முதல் கட்டம் இன்னும் வேகமாகப் போய்விடும், இனிப்பு வாசனைகள் திகட்டலாகப் பெருகும். டிசம்பர் லண்டனில் கோட்டுக்குள் இதமாக இருக்கிற வெனிலாவும் ஊதும், மழை நாளில் கதவு மூடிய ஏசி வண்டியில் பக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலியைத் தரலாம்.

கடையில் நாலைந்தை முகர்ந்ததும் காபிக்கொட்டைக் கிண்ணத்தை நீட்டுவார்கள். மூக்கைப் புதுப்பிப்பதில் அது வெறும் காற்றை விட உசத்தி இல்லை என்று சோதனையில் பார்த்திருக்கிறார்கள். வெளியே போய் நாலு மூச்சு விட்டாலே போதும். ஒரு நடைக்கு இரண்டு வாசனை, கைக்கு ஒன்றாகத் தோலில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். இரவு சாப்பாட்டு நேரத்திலும் அது பிடித்திருந்தால் டீகன்டுக்குப் போகலாம்.

டீகன்ட் என்பது அசல் பாட்டிலில் இருந்து 2, 5, 10 மில்லி என்று சிறு குப்பிகளில் மாற்றித் தருவது. ஒரு முறை அழுத்தினால் வருவது சுமார் 0.1 மில்லி. அந்தக் கணக்கில் 2 மில்லி என்பது இருபது ஸ்ப்ரே, நாளைக்கு நான்கு என்றால் ஐந்து நாள். அலுவலகம், கோயில், மழை, வெயில் எல்லாவற்றிலும் போட்டுப் பார்க்க இது போதுமானது. 50 மில்லி பாட்டிலில் ஐந்நூறு ஸ்ப்ரே இருக்கும். வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் சென்ட் போடுபவருக்கு அது ஒரு வருடத்துக்கு மேல் வரும். உதாரணத்துக்கு, 50 மில்லி நாலாயிரம் ரூபாய் என்றால் மில்லிக்கு எண்பது. 2 மில்லி டீகன்ட் இருநூற்றைம்பது என்றால் மில்லிக்கு நூற்றிருபத்தைந்து. மில்லிக் கணக்கில் டீகன்ட் விலை கூடத்தான். ஆனால் பிடிக்காத பாட்டிலுக்குப் போகும் நாலாயிரத்தோடு ஒப்பிட்டால் இருநூற்றைம்பது ஒன்றுமே இல்லை.

டீகன்டின் ஆபத்து, உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு நமக்கு விற்பவரின் நாணயம் மட்டுமே சாட்சி. அதனால் நிறுவனமே தன் வாசனைகளைச் சிறு குப்பிகளில் அடுக்கி விற்கும் டிஸ்கவரி செட் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில நிறுவனங்கள் அந்த செட்டுக்குக் கொடுத்த பணத்தை முழு பாட்டில் வாங்கும்போது கழித்தும் தருகின்றன. குச்சியால் தொட்டுத் தடவும் குப்பியை விட ஸ்ப்ரே குப்பியே நல்லது, வாசனை எவ்வளவு தூரம் பரவும் என்பது அதில்தான் தெரியும்.

மல்லிகை வாசனைகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. உலகச் சந்தையில் வரும் பூ வாசனைகளில் நம் மண்ணின் பங்கு பெரிது. தமிழ்நாட்டுக் குண்டுமல்லியிலிருந்து எடுக்கும் சாறு வெளிநாட்டு வாசனை நிறுவனங்களுக்கு ஏற்றுமதியாகிறது. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. 2017-ல் வந்த கூச்சி ப்ளூம் பெர்ஃப்யூம், மல்லிகை இனமல்லாத கொடிப்பூவான ரங்கூன் மல்லியைத் தன் சிறப்பாகவே சொல்லிக்கொண்டது. ஆனால் சிறு வயதிலிருந்து தலையில் பூ வைத்து வளர்ந்த மூக்கு, பாட்டிலில் வரும் மல்லியை எளிதில் ஒத்துக்கொள்ளாது. சாயங்காலம் அப்போதுதான் கட்டிய சரத்தின் வாசம் நமக்கு மனப்பாடம். அதனால் வெளிநாட்டு விமர்சகர்கள் கொண்டாடும் மல்லிகை பெர்ஃப்யூமை டீகன்டில் பார்க்காமல் நேரே வாங்க வேண்டாம் என்று அழுத்தியே சொல்வேன்.

இந்தப் பேச்சில் அத்தரை விட்டுவிடக் கூடாது. மழைக்காலத்துக்கென்றே ஒரு வாசனை வேண்டுமென்றால் உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் இறக்கும் மண் அத்தரைத் தேடிப் பாருங்கள். சுட்ட களிமண்ணைச் செப்பு அண்டாவில் நீரோடு கொதிக்கவைத்து, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவது பழைய முறை. முதல் மழையில் எழும் மண்வாசம்தான் அது. சென்னை திருவல்லிக்கேணி அத்தர் கடைகளில் கையில் தொட்டு வைத்துப் பார்த்துவிட்டு 3 மில்லி குப்பி வாங்கலாம். அளவே சிறிது என்பதால் மினி, முழு பாட்டில் என்ற குழப்பமே இங்கே கிடையாது. ஆல்கஹால் இல்லாததால் வெகுதூரம் பரவாமல் தோலோடு தங்கும். விலை ரொம்பக் குறைவாக இருந்தால் அது சந்தன எண்ணெயில் இறக்கியதாக இருக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கிஃப்ட் பாக்ஸும் தள்ளுபடியும்

பாக்ஸின் மேல் 'மதிப்பு ஆறாயிரம், விலை மூவாயிரம்' என்று இருக்கும். அந்த ஆறாயிரத்தைப் பார்க்காதீர்கள். உள்ளே இருப்பவற்றில் தனியாக விற்றாலும் நீங்கள் வாங்கியிருக்கக்கூடியவை எத்தனை என்று எண்ணுங்கள். ஆறில் நான்கு தேறினால் வாங்கலாம். இரண்டு மட்டும் என்றால் அந்த இரண்டின் மினியைத் தனியாக வாங்குவதே லாபம். பரிசு கொடுக்கவும் பயணத்துக்கும் பாக்ஸ் நல்லது. தன் தோலுக்கு என்ன ஒத்துக்கொள்ளும் என்று இன்னும் தெரியாத கல்லூரிப் பிள்ளைக்கும் நல்லதுதான், ஒவ்வொன்றாகத் திறந்து முயல்வதாக இருந்தால்.

தள்ளுபடிக்குக் காத்திருப்பது பொறுமைசாலிகளுக்கான வழி. நைக்கா என்ற ஆன்லைன் அழகு சாதனக் கடையின் பிங்க் ஃபிரைடே போன்ற நவம்பர் விற்பனைகள் வருவது முன்கூட்டியே தெரிந்ததுதான். வருடம் முழுக்கக் கிடைக்கும் பொருளுக்கு இதை விட நல்ல வழி இல்லை. பொருள் வந்ததும் தயாரிப்புத் தேதியையும் காலாவதித் தேதியையும் பாருங்கள்; தள்ளுபடியில் பழைய சரக்கு நகர்வது சகஜம். வெளிநாட்டுப் பொருளில் இறக்குமதியாளர் பெயரும் பதிவு எண்ணும் லேபிளில் இருக்க வேண்டும். அது இல்லாத டப்பாவை முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

என்னைக் கேட்டால் அந்த மூவாயிரத்தை இப்படிப் பிரிப்பேன். கடைக்குப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்த ஒரு லிப்ஸ்டிக், முழு அளவில், எண்ணூறுக்குள். ஒரு சன்ஸ்கிரீன் மினி, ஒரு மாய்ஸ்சரைசர் மினி, இரண்டும் சேர்த்து ஐந்நூறு. மூன்று டீகன்ட் எழுநூற்றைம்பது. மீதி ஏறக்குறைய ஆயிரத்தைத் தொடாமல் வைத்திருந்து, மினியில் ஜெயித்த ஒன்றை நவம்பர் தள்ளுபடியில் முழு அளவாக எடுப்பேன்.

இதில் ஒரு சிக்கல் வரும். பிடித்துப்போன பொருள் 'லிமிடெட் எடிஷன்' என்றால் நவம்பர் வரை இருக்காது. லிப்ஸ்டிக் என்றால் கடையில் பார்த்த அன்றே வாங்கிவிடுங்கள், கூட ஒன்றும் வாங்கி வைக்கலாம். திறக்காமல் இருந்தால் இரண்டு வருடமாவது தாங்கும். பெர்ஃப்யூம் என்றால் டீகன்டில் உறுதியான பிறகு ஒரு பாட்டில் போதும். பெட்டியோடு வெளிச்சம் படாத, சூடு ஏறாத அலமாரியில் வைத்தால் பல வருடம் கெடாது. குளியலறையிலும் ஜன்னலோரத்திலும் மட்டும் வேண்டாம். க்ரீமையும் சன்ஸ்கிரீனையும் வைட்டமின் சி-யையும், தீர்ந்துபோகும் என்று கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும், இரண்டாவதாக ஒன்று வாங்கிச் சேர்க்க வேண்டாம்.